ஓர் ஆர்டரும் தவறக்கூடாது: வளரும் தொழிலுக்குத் தானியங்கிப் பணித்தொடர்

லகாட், மெங்லெம்பு, புந்தோங் வட்டாரங்களில் வீட்டுச் சமையலறையிலிருந்தே தொழில் நடத்தும் இந்தியக் குடும்பங்கள் பல உண்டு. முறுக்கு, காச்சாங் பூத்தே, மசாலைத் தூள், இட்லி மாவு, பூமாலை, கேட்டரிங் என்று தொழில் எதுவானாலும், வளரும் கட்டத்தில் எல்லாருக்கும் வரும் சிக்கல் ஒன்றுதான். ஆர்டர் பெருகுகிறது. ஆனால் எது யாருக்கு, எந்த நாளுக்கு, பணம் வந்ததா இல்லையா என்ற விவரம் முழுவதும் ஒருவரின் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவருக்குக் காய்ச்சல் வந்தால், மாவும் எண்ணெயும் ஆளும் தயாராக இருந்தும் தொழில் நின்றுவிடும்.

இதற்குப் பலரும் முதலில் தேடும் தீர்வு, இன்னோர் ஆளைச் சேர்ப்பது. ஆனால் வேலை எந்த வரிசையில் ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போகிறது என்பது எழுதப்படாத இடத்தில், ஆள் கூடக்கூடக் குழப்பமும் கூடும். அந்த வரிசையை எழுதி வைத்து, ஒரு படி முடிந்ததும் அடுத்த படியைக் கணினியே தொடங்கி வைக்கும்படி செய்வதுதான் தானியங்கிப் பணித்தொடர். பெயர் புதிது. ஆனால் அதன் அடிப்படை தோட்டத்து மக்களுக்குப் பழக்கமானது.

பெரட்டிலிருந்து செக்ரோல் வரை

லகாட் ஒரு காலத்தில் ஈயச் சுரங்கத்தால் வளர்ந்த பட்டணம். சுற்றுவட்டாரத்தில் ரப்பர் தோட்டங்கள் இருந்தன. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நொடித்துப்போய் ஈய விலை சரிந்தது. ரப்பர் தோட்டங்களில் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தவர்களில் சிலர் சொந்தமாகத் தொழில் தொடங்கினார்கள்.

அவர்கள் விட்டுவந்த தோட்டமே பல படிகள் கொண்ட ஒரு பணித்தொடராக இயங்கியது. விடியுமுன் பெரட்டு. மண்டோர் பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த நிரை என்று பிரிப்பார். மரம் வெட்டி, பால் வடிந்ததும் சேகரித்து, வாளியில் ஸ்டோருக்குக் கொண்டுபோவார்கள். அங்கே நிறுத்து எடை குறிப்பார்கள். பின்னர் மெட்ரோலெக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் இட்டு, அதில் ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். அந்தக் கணக்கைக் கிராணி செக்ரோலில் ஏற்றுவார். மாதச் சம்பளம் செக்ரோலை வைத்துத்தான். மழை பெய்தால் வெட்டு இல்லை என்ற விதியும் அதற்குள் இருந்தது.

இதில் மூன்று பாடங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு படிக்கும் பொறுப்பாளர் ஒருவர் உண்டு. ஒரு படியின் முடிவு எழுத்தில் பதிந்த பின்னரே அடுத்த படி தொடங்கும். மூன்றாவது, மெட்ரோலெக் சொல்லும் பாடம். எடையை மட்டும் பார்த்தால் தண்ணீர் கலந்த பாலும் நல்ல பாலாகவே கணக்கில் ஏறிவிடும். அதனால்தான் இரண்டாவது சோதனை தேவைப்பட்டது. அதே செக்ரோலில் ஒரு வரி தவறாக ஏறினால் இழப்பு மரம் வெட்டியவருக்கு என்பதும் மறக்கக்கூடாத உண்மை. இன்று கணினியில் பணித்தொடர் அமைப்பவர்களும் இதையெல்லாம் யோசிக்க வேண்டும்.

முதலில் காகிதம், பிறகு கணினி

புந்தோங்கில் உள்ள காச்சாங் பூத்தே கிராமம் ஈப்போவுக்கு வருவோர் தேடிப் போகும் இடம். கடலை, பட்டாணி, முறுக்கு, ஓமப்பொடி என வறுப்பதும் பொரிப்பதும் அங்குள்ள இந்தியக் குடும்பங்களின் தலைமுறைத் தொழில். அத்தகைய பலகாரத் தொழில் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அந்தத் தொழிலுக்குப் புலனத்தில் வரும் ஆர்டர் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“அக்கா, ரெண்டு கிலோ முறுக்கு வெள்ளிக்கிழமைக்கு வேணும். காசு போட்டாச்சு.”

இந்த ஒரு வரியில் நான்கு விவரங்கள் இல்லை. எந்த முறுக்கு? இந்த வெள்ளியா, அடுத்த வெள்ளியா? நேரில் வந்து எடுப்பாரா, அனுப்ப வேண்டுமா? போட்ட பணம் யார் பெயரில் வந்திருக்கிறது? பழகிய வாடிக்கையாளர் என்றால் அக்காவுக்குப் பதில் தெரியும். புதிதாகச் சேர்ந்த உதவியாளருக்குத் தெரியாது. கணினிக்கு அறவே தெரியாது.

ஆகவே எந்தச் செயலியையும் தேடுவதற்கு முன் ஒரு பெரிய தாளில் படிகளை எழுத வேண்டும். ஆர்டர் எங்கிருந்தெல்லாம் வருகிறது, யார் பார்க்கிறார், எங்கே எழுதுகிறார், அடுத்து யாரிடம் சொல்கிறார் என்று கடைசியில் பணம் கணக்கில் சேரும் வரை எழுத வேண்டும். எழுதும்போதே, ஒரே விவரம் எத்தனை இடத்தில் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது என்பது தெரியவரும். ஒரு நாளைக்கு 40 ஆர்டர், ஒவ்வொன்றையும் புலனத்திலிருந்து நோட்டுக்கும், நோட்டிலிருந்து சமையலறைப் பட்டியலுக்கும், பிறகு பொட்டலச் சீட்டுக்கும் மாற்றி எழுத மொத்தம் 5 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 200 நிமிடம் ஆகிறது. அதாவது நாளுக்கு மூன்று மணி இருபது நிமிடம். முறுக்கு பிழிவதற்கு ஆகும் நேரம் இதில் சேரவில்லை. வெறும் மாற்றி எழுதும் நேரம் மட்டும் இவ்வளவு.

நான்கு உறுப்புகள்

எந்தப் பணித்தொடரிலும் நான்கு உறுப்புகள் இருக்கும்.

ஒன்று, தொடக்கம். எது நடந்தால் வேலை ஆரம்பிக்க வேண்டும் என்பது. புதிய ஆர்டர் வந்தது, பணம் வந்தது, மாதத்தின் 10ஆம் தேதி வந்தது, எதுவும் தொடக்கமாகலாம்.

இரண்டு, செயல். பட்டியலில் ஒரு வரி சேர்ப்பது, செய்தி அனுப்புவது, சீட்டு அச்சிடுவது போன்றவை.

மூன்று, நிபந்தனை. “500 வெள்ளிக்கு மேல் என்றால் முதலாளி பார்த்த பிறகே”, “அன்றைய அளவு நிறைந்துவிட்டால் வேறு நாள் கேள்” என்பன போல. இங்கேதான் பாதை இரண்டாகப் பிரியும்.

நான்கு, பதிவு. எந்த ஆர்டர் எந்தப் படியில் நிற்கிறது, அதை யார் எப்போது முடித்தார் என்ற விவரம். செக்ரோல் செய்த வேலையை இது செய்கிறது.

பலகாரத் தொழிலுக்கு ஒரு தொடர்

மேலே சொன்ன பலகாரத் தொழிலுக்கான தொடரை ஏழு படிகளில் அமைக்கலாம்.

முதல் படி, ஆர்டர் படிவம். புலனத்தில் யார் செய்தி அனுப்பினாலும், வரவேற்புச் செய்தியோடு கூகல் படிவத்தின் இணைப்பும் போகும்படி செய்யலாம். பெயர், தொலைபேசி எண், பலகார வகை, எடை, தேதி, நேரில் எடுப்பதா அனுப்புவதா என்ற கேள்விகள் போதும். தேதியைக் காலண்டரிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்தால் “வெள்ளிக்கிழமை” குழப்பம் தீரும். படிவம் நிரப்பத் தெரியாத வயதானவர்கள் தொலைபேசியில் சொன்னால், எடுப்பவரே அதே படிவத்தில் நிரப்ப வேண்டும். எல்லா ஆர்டரும் ஒரே வாசலில் நுழைவதுதான் முக்கியம்.

இரண்டாம் படி, எண் கொடுப்பது. படிவம் வந்ததும் கூகல் விரிதாளில் ஒரு வரி தானாகச் சேரும். அந்த ஆர்டருக்குத் தனி எண் கிடைக்கும். இனி அந்த ஆர்டரைப் பற்றிய பேச்சு எல்லாம் அந்த எண்ணை வைத்தே நடக்கும்.

மூன்றாம் படி, அளவு பார்ப்பது. ஒரு நாளைக்கு 60 கிலோதான் செய்ய முடியும் என்றால், அந்தத் தேதிக்கு ஏற்கெனவே வந்த எடையைக் கூட்டிப் பார்த்து, இடம் இருந்தால் ஏற்றுக்கொள்ளும். இல்லாவிட்டால் வேறு தேதி கேட்கும். தீபாவளிக் காலத்தில் வாக்குக் கொடுத்துவிட்டுச் செய்ய முடியாமல் போவதை இந்த ஒரு நிபந்தனை தடுக்கும்.

நான்காம் படி, பணம். இது மெட்ரோலெக் வைக்க வேண்டிய இடம். வாடிக்கையாளர் அனுப்பும் ரசீதுப் படம் எடை போன்றது. அதை மட்டும் நம்பிப் பொருளைக் கொடுக்கக் கூடாது. போலி ரசீதுப் படம் காட்டி ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். வங்கிக் கணக்கில் பணம் சேர்ந்ததை ஒருவர் கண்ணால் பார்த்து, விரிதாளில் குறியிட வேண்டும். சாதாரண வங்கிக் கணக்கை வெளிக் கருவிகள் எளிதில் பார்க்க முடியாது என்பதால், இந்தப் படியை மனிதரிடமே விடுவது நல்லது. ஆர்டர் மிகவும் பெருகிய பின், பணம் சேர்ந்ததைத் தானே தெரிவிக்கும் இணையக் கட்டணச் சேவைக்கு மாறலாம்.

ஐந்தாம் படி, சமையலறைப் பட்டியல். பணம் வந்த குறி விழுந்ததும் அந்த ஆர்டர் நாள்வாரிப் பட்டியலில் சேரும். காலையில் சமையலறையில் இருப்பவர் பார்க்க வேண்டியது ஒரே ஒரு தாள்: இன்று எந்த வகை எத்தனை கிலோ.

ஆறாம் படி, பொட்டலமும் அனுப்புதலும். ஆர்டர் எண்ணோடு சீட்டு அச்சாகும். பொட்டலம் கட்டியவர் “முடிந்தது” என்று குறித்ததும் வாடிக்கையாளருக்குச் செய்தி போகும்.

ஏழாம் படி, கணக்கு. முடிந்த ஆர்டர் வரவுக் கணக்கில் சேரும், பில் தயாராகும். கடைகளுக்குக் கடனில் கொடுத்த சரக்கு என்றால், 30ஆம் நாள் நினைவூட்டல் போகும்.

இந்த ஏழையும் ஒரே நாளில் அமைக்கத் தேவையில்லை. முதல் இரண்டு படிகள் நிலைபெற்ற பிறகு மூன்றாவதைச் சேர்ப்பதே பாதுகாப்பு.

எந்தக் கருவி?

தொடக்கத்துக்குச் செலவில்லாத கருவிகளே போதும். 2018இல் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் வரவேற்புச் செய்தி, விரைவுப் பதில், அடையாளக் குறிகள், பொருள் பட்டியல் ஆகியவை உண்டு. கூகல் விரிதாளிலேயே சிறு நிரல் எழுதித் தானியங்கச் செய்யும் வசதியும் இருக்கிறது.

பல செயலிகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டிய நிலை வந்தால், அதற்கென்றே சேவைகள் உள்ளன. 2011இல் தொடங்கிய அமெரிக்காவின் சாப்பியர், முன்பு இன்டெக்ரோமேட் என்று அறியப்பட்ட மேக், 2019இல் பெர்லினில் தொடங்கிய என்8என் ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. தமிழ்நாட்டில் வேர்விட்ட சோஹோ நிறுவனத்தின் சோஹோ ஃப்ளோவும் இதே வேலையைச் செய்வது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009இல் சோஹோ என்று பெயர் மாறிய நிறுவனம் அது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தென்காசி அருகே மத்தளம்பாறையில் தங்கி, கிராமத்திலிருந்தே மென்பொருள் வேலை நடத்த முடியும் என்று காட்டினார். பட்டணத்துக்கு வெளியே இருக்கும் லகாட் போன்ற ஊர்களுக்கு அது ஊக்கம் தரும் செய்தி.

கட்டணத்தைக் கவனிக்க வேண்டும். சில சேவைகள் நடக்கும் ஒவ்வொரு செயலுக்கும் கணக்கிடுகின்றன. சில, தொடர் முழுவதும் ஒருமுறை ஓடினால் ஒன்று என்று கணக்கிடுகின்றன. நாளுக்கு 40 ஆர்டர், ஒவ்வொன்றுக்கும் 6 செயல், மாதம் 30 நாள் என்றால் முதல் வகையில் 7,200 ஆகிறது. இரண்டாம் வகையில் 1,200 மட்டுமே. விலைப் பட்டியலைப் பார்க்கும் முன் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

புலனத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. வேறொரு கருவியிலிருந்து தானாகச் செய்தி அனுப்ப, வாட்ஸ்அப் நிறுவனமே தரும் கட்டண வழி இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறது என்று அனுமதியில்லாத கருவிகளைப் பயன்படுத்தினால் அந்த எண்ணே முடக்கப்படலாம். பல ஆண்டு வாடிக்கையாளர்கள் அறிந்த எண்ணை இழப்பது கடையின் முகவரியை இழப்பதற்குச் சமம்.

10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்

வளரும் தொழிலுக்கு இப்போது சட்டமும் ஒரு காரணம் ஆகிவிட்டது. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மின்விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்ட் 1 அன்று, ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட நிறுவனங்களில் தொடங்கியது. 2025 ஜனவரி 1 முதல் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டவையும், 2025 ஜூலை 1 முதல் 50 லட்சத்துக்கு மேற்பட்டவையும் சேர்ந்தன. 2026 ஜனவரி 1 முதல் 10 லட்சத்திலிருந்து 50 லட்சம் வரை விற்பனை உள்ளவை வந்தன. 10 லட்சத்துக்குக் குறைவான தொழில்களுக்கு விலக்கு உண்டு.

10 லட்சம் என்பது பெரிய தொகையாகத் தோன்றலாம். மாதக் கணக்கில் அது சுமார் 83,300 வெள்ளி. பேரங்காடிகளுக்குச் சரக்குப் போடத் தொடங்கிய பலகாரத் தொழில் அதை எட்டுவது நடக்கக்கூடியதே. லாபம் கணக்கில் இல்லை. மொத்த விற்பனைதான் கணக்கு.

அந்த முறையில் விலைப்பட்டியலை வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்துக்கு அனுப்பி, அது சரிபார்க்கப்பட வேண்டும். தவறு இருந்தால் 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். மின்விலைப்பட்டியல் கேட்காத சில்லறை வாடிக்கையாளர்களின் விற்பனையை மாதம் முடிந்து 7 நாளுக்குள் ஒன்றாகத் தொகுத்து அனுப்பலாம். ஆர்டர் எண், தேதி, தொகை, வாங்கியவர் விவரம் ஆகியவை முதல் நாளிலிருந்தே ஒழுங்காகப் பதிந்திருந்தால் இது ஒரு கூடுதல் படி மட்டுமே. நோட்டிலும் புலனத்திலும் சிதறிக் கிடந்தால், ஒவ்வொரு மாதமும் அதைத் தேடிச் சேர்ப்பதே தனி வேலையாகிவிடும்.

வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தேதியும் உண்டு. ஊழியர் சேமநிதியும் சொக்சோ சந்தாவும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். 10ஆம் தேதி தானாக நினைவூட்டும் ஒரு சிறு தொடர், தாமதக் கட்டணத்தையும் தொழிலாளரின் மனக்கசப்பையும் தவிர்க்கும்.

எங்கே உடையும்?

தானியங்கித் தொடரின் பெரிய ஆபத்து, அது சத்தமில்லாமல் நின்றுபோவது. யாரோ விரிதாளில் ஒரு தலைப்பின் பெயரை மாற்றியிருப்பார்கள். கடவுச்சொல் மாறியிருக்கும். படிவம் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும், சமையலறைப் பட்டியல் மட்டும் நேற்றோடு நின்றிருக்கும். ஆள் வேலைக்கு வராவிட்டால் உடனே தெரிகிறது. கணினி வராவிட்டால் வாடிக்கையாளர் வாசலில் வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

இதற்கு எளிய மருந்து, மாலையில் ஓர் எண்ணிக்கை. இன்று வந்த படிவம் எத்தனை, விரிதாளில் சேர்ந்த வரி எத்தனை, பணம் வந்தவை எத்தனை, கட்டிய பொட்டலம் எத்தனை? கணக்கு இடறினால் அன்றே தேட வேண்டும். கருவிகளில் பிழை வந்தால் உடனே செய்தி அனுப்பும் வசதி இருக்கும். அது குடும்பத்தில் இருவருக்காவது போக வேண்டும்.

இரண்டாவது ஆபத்து, ஒரே ஆர்டர் இருமுறை ஓடுவது. வாடிக்கையாளர் பொத்தானை இருமுறை அழுத்தினால் நான்கு கிலோவாகிவிடும். ஒரே தொலைபேசி எண், ஒரே தேதி, ஒரே பலகாரம் என்று இரண்டு வரி வந்தால், அதைத் தனியே நிறுத்தி மனிதரிடம் காட்டும்படி அமைக்க வேண்டும்.

மூன்றாவது, சோதிக்காமல் இறங்குவது. சாதாரண ஆர்டர், பெரிய ஆர்டர், பணம் வராத ஆர்டர், ரத்தான ஆர்டர், தவறான எண் கொடுத்த ஆர்டர் என ஐந்து வகையையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய நோட்டையும் புதிய முறையையும் இரண்டு வாரம் சேர்த்தே வைத்திருப்பது நல்லது. அதையும் தீபாவளிக்கு முன் மாதத்தில் தொடங்கக் கூடாது. வியாபாரம் மந்தமான மாதமே ஏற்றது.

மனிதரிடம் விட வேண்டியவை

கணினி நன்றாகச் செய்வது, விவரத்தைத் தவறாமல் அடுத்த கைக்குக் கொடுப்பது. தீர்மானம் வேறு. பொரித்ததன் பதம் சரியா, கெட்டுப்போனது என்று புகார் சொன்னவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதா, துக்க வீட்டுக்கு உடனே வேண்டும் என்று கேட்பவருக்காக நாளின் அளவைத் தாண்டுவதா என்பவற்றை விதியாக எழுத முடியாது. அத்தகைய ஆர்டர்களைத் தனியே ஒதுக்கி மனிதர் முன் வைப்பதோடு கணினியின் வேலை முடிகிறது.

வேலை செய்பவர்களுக்கும் இதில் பங்கு வேண்டும். யார் எத்தனை பொட்டலம் கட்டினார் என்று கணினி பதிந்து, அதை வைத்துச் சம்பளம் போடுவதானால், அந்தப் பதிவை அவரும் பார்க்க முடிய வேண்டும். தவறு என்றால் சொல்லித் திருத்தவும் வழி வேண்டும். செக்ரோலைத் தானே படித்துப் பார்க்க முடியாமல் கிராணி சொன்னதை ஏற்றுக்கொண்ட தலைமுறையின் பிள்ளைகள் இன்று முதலாளிகளாக இருக்கும்போது, இது கூடுதல் கடமை.

வாடிக்கையாளரின் விவரமும் பொறுப்புக்குரியது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 வணிகத்துக்காகத் திரட்டும் விவரங்களுக்குப் பொருந்துவது. பலகாரம் விற்க அடையாள அட்டை எண் தேவையில்லை, கேட்கவும் கூடாது. வேலையை விட்டுப் போனவரின் கைப்பேசியில் விரிதாள் திறந்தபடி இருக்கவும் கூடாது.

எல்லாத் தொழிலுக்கும் இது தேவையா என்றால், இல்லை. நாளுக்கு ஐந்தாறு ஆர்டர் வரும் வீட்டுக்கு ஒரு நல்ல நோட்டே போதும். ஒரே விவரம் மூன்று இடத்தில் எழுதப்படுகிறது, வாரத்தில் ஓர் ஆர்டராவது தவறுகிறது, ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு எதுவும் தெரிவதில்லை என்ற மூன்றில் இரண்டு உண்மையானால், காலம் வந்துவிட்டது என்று பொருள். அந்த வாரமே செய்யக்கூடிய முதல் வேலைக்கு ஒரு காசும் செலவில்லை. தொழிலில் உள்ள எல்லாரும் ஒரு மாலை உட்கார்ந்து, அம்மாவின் தலைக்குள் இருக்கும் வரிசையை அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.